வரப்புக்கு அப்பால் களை

லால்குடி வயல்களில் களையெடுக்க வரும் இயந்திரம், வேலையைத் தொடங்குமுன் நிலத்துக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கும். "இங்கே எதெல்லாம் களை?"

சிலம்பாயி பொறுமையாக விளக்கினாள். "களைன்னு தனியா ஒரு செடி கிடையாதுப்பா. களைஞ்சு எறியறதாலதான் அதுக்குக் களைன்னு பேரு வந்துச்சு. நெல்லுக்கு நடுவுல முளைச்சா கீரைகூடக் களைதான். என் மண்ணுல நான் வைக்காதது எல்லாமே களை."

இயந்திரத்துக்கு வரப்பு கணக்கில்லை. பழைய நில அளவைதான் அதற்கு எல்லை. பக்கத்து வயல் நல்லுசாமி வருஷா வருஷம் வரப்பை வெட்டி வெட்டி அவள் பக்கம் நகர்த்தியிருந்தான். "வரப்புதான் எல்லை" என்று பஞ்சாயத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தவனும் அவன்தான். இயந்திரம் வரப்பைத் தாண்டிப் போய், அங்கே அவன் வைத்திருந்த வாழைகளைச் சாய்க்க ஆரம்பித்தது.

நல்லுசாமி தலைதெறிக்க ஓடிவந்தான்.

"ஐயோ மதினி, நிறுத்தச் சொல்லுங்க! கன்னா இருக்கும்போதே புடுங்கியிருக்கக் கூடாதா? இப்பக் குலை முத்தி நிக்குதே!"

"அது முத்தட்டும்னுதான்யா இத்தனை நாள் பொறுத்திருந்தேன்."

பிறகு அவள் இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள்.

"கிழங்கையும் தோண்டி எடுப்பா. விட்டா மறுபடி முளைக்கும்."