தூங்காமலிருக்க ஒரு கடுங்காப்பி

ஏரவாடாவின் அந்த ஒற்றை அறை வீட்டுக்குள் சாயங்கால வெயில் கம்பிக் கதவு வழியாக விழுந்து, சுவரோரம் அடுக்கிய தட்டுகளைச் சிவக்க வைக்கிறது. ஷஃபானா கடுங்காப்பியை இன்னும் கொஞ்சம் கொதிக்கவிட்டு, கருகருவென்று டம்ளரில் ஊற்றிக் கணவனிடம் நீட்டுகிறாள். லோஹேகாவ் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய போர் விமானம் தகரக் கூரைக்கு மேலே இரைந்துகொண்டு போகிறது, தட்டுகள் நடுங்குகின்றன. பாயில் உட்கார்ந்திருக்கும் அப்துல் ஹாதி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ராத்திரியெல்லாம் டெம்போ ஓட்டிவிட்டு மதியம்தான் வீடு வந்தான். இப்போது மறுபடியும் சாத்தாராவுக்கு லோடு.

“இன்னைக்கு ஒருநாள் முடியாதுன்னு சொல்லுங்க மச்சான்.”

“சொன்னா அந்த வண்டியே வேற ஆளுக்குப் போயிரும். ஏமன்ல சூஃபிமாரு ராவெல்லாம் முழிச்சிருந்து திக்ரு ஓத இதத்தான் குடிச்சாங்களாம். பள்ளிவாசல்ல ஹஜ்ரத் பயான் பண்ணும்போது சொன்னாரு. அவங்க குடிச்சுத்தான் காப்பி ஊரெல்லாம் பரவுச்சாம். அவங்களுக்குப் பத்துனது நமக்குப் பத்தாதா?” சிரிக்கிறான். சிரிப்பு பாதியிலேயே கொட்டாவியாகிறது.

“அவங்க உக்காந்த எடத்துல முழிச்சிருந்தாங்க. நீங்க கட்ராஜ் மலைப்பாதையில வண்டி ஓட்டப் போறீங்க.”

டம்ளர் அவன் கையில் மெல்லச் சாய்கிறது. ஆவி பறக்கும் காப்பி விளிம்பைத் தாண்டி விரல்களில் வழிந்து, மணிக்கட்டைச் சுற்றிப் பாயில் சொட்டுகிறது. அவன் கையை உதறவில்லை. வெளியே, லோடு ஏற்றிக் கொண்டுவந்த டெம்போவில் உட்கார்ந்தபடி முதலாளி ஹாரனை விடாமல் அழுத்துகிறார்.

“மச்சான்!”

“முழிச்சுத்தான் இருக்கேன்” என்கிறான் அப்துல் ஹாதி, கண்ணைத் திறக்காமல்.