சுவரில் ஏறிய பெயர்

கொடுத்த வாக்குத் தவறினால் யாரை வைய வேண்டும் என்று உங்கள் ஊர்ச் சுவரில் எழுதியிருக்கிறதா?

கல்லலுக்கு அருகே ஒரு சிற்றூரில் எழுதினார்கள். அதனால்தான் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் பூமிநாதன், ஊராட்சித் தலைவர் முத்துமாரியிடம் சண்டைக்குப் போனார்.

"அழிக்கச் சொல்லுங்க தலைவரம்மா! முன்ன 'அனைவருக்கும் தங்குதடையற்ற குடிநீர்'னு எம்புட்டு அழகா இருந்துச்சு. யாருக்கும் ஒரு தொந்தரவு இல்ல."

"ஆமாண்ணே. ஒம்பது வருசமா தண்ணியும் யாரையும் தொந்தரவு பண்ணல."

அலுவலகச் சுவரில் புதிய எழுத்து காய்ந்துகொண்டிருந்தது: 'செவ்வாய், வெள்ளி காலை ஆறு முதல் ஏழு வரை குடிநீர். திறந்துவிடுபவர்: பூமிநாதன்.'

அதன்கீழே 'தண்ணீர் வராவிட்டால் அழைக்க' என்று எழுதிவிட்டு, பெயின்டர் தூரிகையை நனைத்தார்.

"போன் நம்பர் வேறயா! ஊரு வையிறதுக்கு விலாசம் போட்டுக் குடுக்கிறீகளா?"

"கிராம சபையில எல்லாரையும் கேட்டுத்தானே நேரம் வச்சோம்? நீங்களுந்தான் தலையாட்டுனீக."

"தண்ணிக்குத் தலையாட்டுனேன். தலையவே சுவத்துல மாட்டுவீகன்னு யாரு கண்டா?"

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. அன்றுமுதல் அந்தச் சுவர் கண்ணில் படாதபடி கண்மாய்க்கரையைச் சுற்றியே வேலைக்குப் போனார். ஆனாலும் நாள் தவறாமல், மணி தவறாமல் திறந்துவிட்டார். பெயர் மாட்டிக்கொண்டதே!

மூன்றாம் வெள்ளியன்று மோட்டார் புகைந்தது. மெக்கானிக் வந்து சேர்ந்ததும், பூமிநாதன் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். தண்ணீர் விழ மதியமாயிற்று.

தயங்கித் தயங்கி அலுவலகத்துக்கு வந்தார்.

"போனைத் தொறக்கவே பயமா இருக்கு தலைவரம்மா. எத்தன பேரு வஞ்சாகளோ!"

முத்துமாரிக்குத் தொண்டை கட்டியிருந்தது. "சும்மா தொறங்கண்ணே. ஒங்களுக்கு ஒருத்தரும் கூப்பிட்டிருக்க மாட்டாக."

திறந்தார். ஓர் அழைப்பும் இல்லை.

மேசைமேல் முத்துமாரியின் போன் மறுபடி அலறியது. "ஆமா மலையம்மாக்கா, தப்புத்தான்... இல்லக்கா, அண்ணன் காலையிலேர்ந்து சாப்பிடாம மோட்டார்கிட்டதான் கிடந்தாரு..."

பூமிநாதன் வெளியே ஓடி, முதன்முறையாகச் சுவரை முழுதும் படித்தார்.

பெயர் அவருடையது. நம்பர் முத்துமாரியுடையது.

இன்றே எழுந்து போய் உங்கள் ஊர்ச் சுவரைப் படியுங்கள்! நாளும் ஆளும் இருந்தால் மட்டும் போதாது. வசவை வாங்கிக்கொள்ள ஒரு நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பொழுது சாயுமுன் கேளுங்கள்.