விசில் வரும் வரை

நிறுத்தச் சொல்லும் விசில் இன்னும் வரவில்லை.

அவர் ஓடிக்கொண்டே இருந்தார்.

காலாற ஓடும் ஓட்டமில்லை இது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஓட்டம். கொஞ்ச நேரம்தான் அப்படி ஓட வேண்டும். விசில் கேட்டதும் நடக்க வேண்டும். மூச்சு ஆறியதும் மறுபடி விசில், மறுபடி ஓட்டம்.

கோல் கம்பத்தைச் சுற்றித் திரும்பினார். வாகை மரத்தடி பெஞ்சில் அவர் மனைவி ஜெபராணி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் விசில். கையில் ஸ்டாப் வாட்ச். பார்வை மட்டும் மைதானத்தில் இல்லை.

பாளையங்கோட்டையில் அவளை ஜெபராணி டீச்சர் என்றால்தான் தெரியும். ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த விசிலுக்குப் பயப்படாத பிள்ளை அந்தப் பள்ளியில் கிடையாது. கட்டிய புருஷன் மட்டும் தப்பிக்க முடியுமா?

சர்க்கரை எகிறி அவர் பாதம் மரத்துப்போன காலத்தில் அவள்தான் பேலியோ பேலியோ என்று ஆரம்பித்தாள். ஆதிமனிதன் சாப்பாடாம். இட்லியும் சோறும் வீட்டைவிட்டு வெளியேறின. முட்டை வந்தது, ஊறவைத்த பாதாம் வந்தது, வெண்ணெய் போட்ட டீ வந்தது. மனிதர் கனவில் ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டு விழித்ததும் ஏங்கியிருக்கிறார்.

சாப்பாடு மட்டும் போதாதென்று மைதானத்துக்கும் இழுத்து வந்தாள்.

"ஆதிமனுஷன் வாக்கிங்கா போனான்? புலியக் கண்டா ஓடுவான். புலி போயிட்டா நடப்பான். அவ்வளவுதான்."

"இங்க புலிக்கு எங்க போக?"

"நான் இருக்கேம்லா."

சும்மா சொல்லக்கூடாது, சர்க்கரை இறங்கியது. பாதத்தில் உணர்ச்சி வந்தது. பேத்தியைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு மாடி ஏறினார்.

ஒரே ஒரு சட்டம்தான். விசில் வராமல் நிற்கக் கூடாது. ஓரடி முன்னால் நின்றாலும் அந்த ஓட்டம் சேர்த்தியில்லை, முதலிலிருந்து ஓட வேண்டும். கெஞ்சினாலும் நடக்காது.

இன்றைக்கு எவ்வளவு நேரமாயிற்று? நெஞ்சு அடைத்தது. தொடை எரிந்தது. வாயில் இரும்புச் சுவை.

நின்றுவிடலாம்தான். யார் கேட்கப் போகிறார்கள்?

அவரால் நிற்க முடியவில்லை.

நேற்றுத்தான் மகளோடு போனில் சண்டை. கோயம்புத்தூரிலிருந்து பிரிசில்லா அழுதுகொண்டே சொன்னாள். "அப்பா, அம்மாவுக்கு மறதி கூடிக்கிட்டே போகுது. எம் பேரையே யோசிச்சுல்லா சொல்லுதா. ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டுவோம்ப்பா."

இவருக்கு வந்ததே கோபம்.

"மறதியா? காலையில கிரவுண்டுக்கு வந்து பாரு. உங்க அம்மைக்கு விசில் ஒரு செகண்ட் பிந்துமா? பேச வந்துட்டா!"

குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டதை அவர் மகளிடம் சொல்லவில்லை. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்திருந்தார். ஆராதனை முடிந்து வரும்போது அவள் தங்கள் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்ததைச் சொல்லவில்லை. ஒருநாள் விடியலில் பக்கத்தில் படுத்திருந்த அவரைக் கண்டு திடுக்கிட்டு எழுந்தாளே, அதை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அவருக்கு மிச்சமிருந்தது அந்த விசில் ஒன்றுதான்.

எவ்வளவு பிந்தி வந்தாலும் சரி. நேரத்துக்கு வந்தது என்று சொல்லிக்கொள்வார். அதுவரைக்கும் ஓடினால் போயிற்று.

அவள் விசிலை எடுத்தாள்.

உதடுவரை கொண்டுபோனாள். அவர் கால்கள் நடக்கத் தயாராயின. அவளோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது என்ன, யாருடையது என்பதுபோல. பிறகு விட்டுவிட்டாள்.

ஊதிரு ஜெபா.

ஊதிரும்மா. கர்த்தரே, அவள ஊதச் சொல்லும்.

நடக்க வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "சார், போதும் சார்," என்று ஒருவர் குரல் கொடுத்தார். அந்த ஆள் சொல்லியா நிற்பது?

கால் தானாக மடங்கியது. பெஞ்சுக்கு எதிரே, புழுதியில், முழங்கால் ஊன்றி விழுந்தார்.

அவள் பதறி ஓடி வந்தாள். எத்தனை பிள்ளைகளைத் தூக்கி நிறுத்திய கை. கக்கத்தில் தாங்கி எழுப்பி பெஞ்சில் உட்காரவைத்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டாள். தண்ணீரை மடமடவென்று குடிக்கவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டாள். முழங்கால் சிராய்ப்பைக் கழுவி, மண் போயிற்றா என்று ஊதிப் பார்த்தாள். எல்லாம் அத்தனை சரியாகச் செய்தாள். பாவி மனுஷனுக்கு நம்பிக்கைகூட வந்துவிட்டது.

பிறகுதான் அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அக்கறையாகத்தான் பார்த்தாள்.

"யாரு சார் உங்கள இந்த வயசுல இப்படி ஓடச் சொன்னது?"

அவர் குனிந்து சிராய்ப்பைப் பார்த்தார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்து அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"வீட்ல… ஒரு டீச்சர் இருக்காங்க."

"நல்ல டீச்சர்!" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு மனுஷன ஓடவிட்டுட்டு அந்தம்மா எங்க போயிட்டாங்க? அவங்கள இங்க வரச் சொல்லுங்க. நான் பேசுதேன்."

அவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். தெரியாத ஆள் தொட்டால் பயந்துவிடுவாளே என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"கூப்பிட்டுப் பாக்கேன்," என்றார்.