சத்தம் ஆடுது

"நிறுத்தும்மா" என்று கையைத் தூக்கினார் வில்பிரட். ஏர்போர்ட்டை ஒட்டின பொழிச்சலூர் சபையின் பாடகர் குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஜெரூஷா நிறுத்தினாள். ஈஸ்டர் தனிப்பாட்டுக்குக் குரலைக் காட்டவென்றே ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வந்திருக்கும் டீச்சர்.

"குரல் ஆடுது."

"நான் ஆட்டவே இல்லையே அங்கிள்!"

"சுருதி ஆடினா வைப்ரேட்டோ. அது அழகு, விட்டுடுவேன். உனக்குச் சுருதி அப்படியே நிக்குது, சத்தம் மட்டும் ஏறி ஏறி இறங்குது. அதுக்குப் பேரு ட்ரெமலோ. நேத்து ஆரோனும் இப்படித்தான் பாடினான், அனுப்பிட்டேன்."

அவள் மூச்சை இழுத்துப் பிடித்து மறுபடியும் பாடினாள்.

"அதேதான். போன வருஷம் நல்லாத்தானே பாடின? பிராக்டீஸ் இல்ல."

ஜெரூஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து மொட்டைமாடியை உரசுகிற மாதிரி ஒரு பிளேன் போனது. வில்பிரட் அண்ணாந்து பார்த்தார்.

"இந்தா, பிளேன்கூட இப்பல்லாம் ட்ரெமலோவுலதான் போகுது. காலம் கெட்டுக் கிடக்கு."

டீ கொண்டுவந்த அவர் மனைவி ரத்தினபாய் தட்டைக் கீழே வைத்தார். கணவரின் காதுக்குள்ளிருந்து மொச்சைக்கொட்டை அளவு மிஷினை வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்து, ஒரு தட்டுத் தட்டித் திரும்பச் சொருகினார்.

"வேர்வை பட்டா லூஸ் காண்டாக்ட் ஆயிடுது. நீ பாடும்மா."

ஜெரூஷா பாடினாள். அதே பாட்டு, அதே குரல். வில்பிரட் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"பார்த்தியா ரத்தினம்? ரெண்டு திட்டு திட்டினதும் எப்படிச் சரியாப் பாடுறா!"