‘ம்’ கொட்டாத வரி

சமையலறை வாசலில் அப்பா நிற்கிறார், காதில் பென்சில், கையில் தாள். ஆங்கிலத்தில் கவிதை எழுதுகிறவர். ஆனால் ஒவ்வொரு வரியையும் முதலில் தமிழில், இங்கே நின்றுதான் அம்மாவிடம் சொல்லிப் பார்ப்பார். அடுப்பைப் பார்த்தபடியே அம்மா ‘ம்’ கொட்டுவாள். கொட்டாத வரியை மறுபேச்சில்லாமல் அடித்துவிடுவார். அம்மா போன பிறகு தாளும் கையுமாக அவர் இங்கே வருவது இன்றுதான். ஜன்னல் வெயில் அம்மாவின் கரண்டிகள்மேல் கிடக்கிறது. நான் பீன்ஸ் நறுக்குகிறேன். “மழை விட்டும் கொடி சொட்டிக்கிட்டே இருக்கு,” என்கிறார். “ம்.” “துணி எடுக்க யாரும் வரல.” “ம்.” “எல்லாத்துக்கும் ம் போடாதம்மா. உங்கம்மா லேசுல போடமாட்டா.” “சரிப்பா, சொல்லுங்க.” தொண்டையைச் செருமிக்கொள்கிறார். “அவ புடவை காயவே வேணாம். காஞ்சா மடிச்சு உள்ள வைக்கணும்.” என் கத்தி நின்றுவிடுகிறது. பலகையில் பீன்ஸ் கலங்கித் தெரிகிறது, ‘ம்’ வரமாட்டேன் என்கிறது. குழாய் மட்டும் சொட்டுகிறது. அப்பா என் முதுகைப் பார்த்தபடி காத்திருக்கிறார். பிறகு பென்சிலை எடுத்து, தாளைச் சுவரில் வைத்து, அந்த வரியை நிதானமாக அடிக்கிறார். “உனக்கு அப்படியே உங்கம்மா காது,” என்கிறார், வெகுநாளைக்குப் பிறகு சிரித்துக்கொண்டே.