இரண்டு சொட்டுப் பெற்றோல்

முரசுமோட்டை வளவின் மாமர நிழலில் பழைய கார் விக்கி விக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய்ப் புகை இலைகளுக்குள் ஏறுகிறது. அக்சிலேற்றரில் சிவலட்சுமியின் வெறுங்கால். பொனற்றுக்குள் குனிந்திருக்கும் மெக்கானிக் குகதாசன் அவள் பிறந்த ஊர்க்காரன். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறான். மூன்றாவதைக் கழற்றும்போது மட்டும் சத்தம் மாறவில்லை. "இதுதான் வேலை செய்யேல்லை, லட்சுமி." "நான் அப்பவே சொன்னனான் குகன்," ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரிக்கிறாள். பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சப் பெற்றோலோடு பக்கத்தில் நிற்கும் அவளுடைய புருசன் தவராசா அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சேர்" தான்.

எஞ்சினை நிறுத்தி, பிளக்கின் கரியைத் தேய்த்துப் பூட்டுகிறான் குகதாசன். "அண்ணை, கார்பரேற்றருக்குள்ள ரெண்டு சொட்டு விடுங்கோ." யுத்தத்தில் பெற்றோல் தடை வந்த பிறகு கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன; அந்தச் சொட்டு இல்லாமல் கிளம்பாது. தவராசா விடுகிறான். எஞ்சின் சீராகப் பிடிக்கிறது. "உன்ர கை ராசியான கை, குகன்!" என்கிறாள் சிவலட்சுமி. தவராசாவின் பிடி இறுகுகிறது. போத்தல் நசுங்கி, மிச்சப் பெற்றோல் முழுக்க விரல்களுக்குள்ளால் மணலில் வழிகிறது. கை குளிர்ந்த பிறகுதான் அவனுக்கே தெரிகிறது.

"ஐயோ அண்ணை! லட்சுமி, காலை எடுக்காதை, எஞ்சின் நிண்டால் பிறகு ஸ்ரார்ட் வராது. எனக்கு இன்னும் ரியூன் பண்ணக் கிடக்கு. அண்ணை, நீங்கள் சைக்கிளில போய் எங்கையெண்டாலும் கொஞ்சப் பெற்றோல் எடுத்துக்கொண்டு வாங்கோ."

தவராசா சைக்கிளை உருட்டுகிறான். படலை தாண்டியும் காதைப் பின்னுக்கே வைத்திருக்கிறான். எஞ்சின் ஒரு தடவைகூட விக்கவில்லை.