பிளாஸ்டிக் ஆப்பிள்கள் இருந்த இடம்

ஐந்து பேர் வாழும் வீட்டுக்கு நான்கு நாற்காலிகளோடு சாப்பாட்டு மேசை வந்து இறங்கியது. ஐந்தாவது நாற்காலியைத் தமயந்தி கடையிலேயே கேட்டாள். "நீ எல்லாருக்கும் பரிமாறிட்டு அப்புறந்தானே சாப்பிடுவ? அது அநாவசியச் செலவு. ஒதுக்கின பணத்துக்குள்ள முடிக்க வேணாமா?" என்றான் கணவன் நல்லசிவம். அப்படி ஒதுக்கியதில் மிஞ்சிய பணத்துக்கு ஒரு கண்ணாடிக் கூடையும் பிளாஸ்டிக் ஆப்பிள்களும் வாங்கினான். மேசை மொட்டையாக இருக்கக் கூடாதாம். யாரும் தின்ன முடியாத பழத்துக்கு அந்த வீட்டில் இடம் இருந்தது.

அன்றைக்கே மாமனாரும் கணவனும் இரண்டு மகன்களும் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தமயந்தி சோறு, குழம்பு, ரசம் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தாள். பிறகு அந்தக் கூடையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, மேசைமேல் ஏறி, அது இருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துச் சோற்றைப் பிசைந்தாள்.

"என்னடி இது? இறங்கு!" என்றான் நல்லசிவம். அவள் நிதானமாக மென்றாள். ரசப் பாத்திரம் அவள் கையருகிலேயே இருந்தது. மாமனார் வழக்கம்போல நிமிராமலே தட்டை நீட்டி, "ரசம் ஊத்தும்மா" என்றார்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன் மாமா."